சிங்கத்தின் வாயைப் பொத்திய கை

கார் எங்காவது மோதி, தகடு உள்ளே அமுங்கிப் போனால் அதைத் தட்டி வெளியே கொண்டுவருவதற்கு ஒடுக்கெடுப்பது என்று பெயர். வெளியிலிருந்து ஓங்கி அடித்தால் தகடு கெட்டுவிடும். உள்பக்கம் கையை விட்டு, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, சிறுகச் சிறுகத் தட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் இந்த வேலையில் படு கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். அவன் சரிசெய்த கதவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அடிபட்ட இடம் தெரியாது. பெண்டாட்டியையும் அவன் அப்படித்தான் அடித்தான். முதுகு, விலா, தொடை, தலைமுடிக்குள்ளே. துணியோ முடியோ மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான். ஏழு வருடம் அடித்தும் அவள் முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஒரு முறை வயிற்றில் மூன்று மாதம் இருந்தது, தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவனுக்கு ஒரு அக்கா. கதை அவளுடையது.

பெரிய லாட்ஜ் ஒன்றின் பின்கட்டில், சலவை அறையில் அவளுக்கு வேலை. சன்னல் இல்லாத அறை. இரண்டு துவைக்கும் இயந்திரங்கள் நாளெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். மூலையில் வெந்நீர்க் கொப்பரை. நடுவில், படுக்கை விரிப்புகளை மடிக்க ஆள் நீளத்துக்கு ஒரு மேசை. ஒருநாள் அழுக்குத் தலையணை உறையை உதறும்போது அதிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு விழுந்தது. வெளியூர்க்காரர் யாரோ விட்டுப்போன, படம் பார்த்துக் குறி சொல்கிற டாரட் சீட்டு. ஆறு மாதமாகியும் யாரும் தேடி வராததால் மேனேஜர், "நீயே வச்சுக்கம்மா, வெளையாடு" என்று சொல்லிவிட்டார்.

சீட்டின் அடியில் ஏதேதோ எழுத்து இருந்தது. அவளுக்கு எந்த எழுத்துமே தெரியாது, ஆகவே அது எந்தப் பாஷையாக இருந்தாலும் ஒன்றுதான். படம் மட்டும் பார்ப்பாள். சாப்பாட்டு நேரத்தில் மேசைமேல் வெள்ளைத் தலையணை உறையை விரித்து, சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்புவாள். வந்தவர் ஒன்றே ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒரே கேள்வி.

"இந்தப் படத்துல நீ யாரு?"

அவ்வளவுதான் அவள் வித்தை. வருகிறவன் காட்டுகிற இடத்திலேயே அவன் மனசு விழுந்து கிடக்கும். லாட்ஜ் வேன் ஓட்டுகிறவன், வீரன் ஒருவன் குதிரையில் பாய்ந்து போகும் சீட்டை எடுத்தான். "நான் குதிரை. மேல ஏறி உட்காந்திருக்கிறது மொதலாளி" என்றான். அன்றிலிருந்து அவனுக்குக் குதிரை என்றே பெயர். அறை கூட்டி, சலவையிலும் கைகொடுக்கிற பெண்ணுக்கு, ஒருத்தன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் சீட்டு வந்தது. தொங்குகிறவன்தான் அவள் என்று எல்லோரும் நினைக்க, அவளோ, "நான் அந்தக் கயிறுக்கா. நான் விட்டா என் வீட்டுல எல்லாரும் விழுந்துருவாங்க" என்றாள். அவள் பெயர் கயிறு ஆகிவிட்டது. சீட்டு பார்க்கிறவளுக்குச் சீட்டக்கா என்ற பெயர் வந்ததும் அப்படித்தான்.

சீட்டக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். தாய் செத்தபோது அவன் இடுப்புக் குழந்தை. தகப்பன் பெல்ட்டைக் கழற்றினால் அக்காளும் தம்பியும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். அழுகைச் சத்தம் கேட்டால் அந்த மனுசனுக்கு வெறி கூடும். அதனால் அவள் தன் முதுகில் அடியை வாங்கிக்கொண்டே தம்பியின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொள்வாள். அவன் பல் பதிந்த தழும்பு அவள் கையில் இன்னும் இருக்கிறது. அவனை ஆளாக்க வேண்டும் என்று அவள் கல்யாணம்கூடக் கட்டிக்கொள்ளவில்லை. அவனுக்குப் பெண் பார்த்து முடித்ததும் அவள்தான். ஊரையே கெட்ட வார்த்தையில் வைகிறவன், அக்கா முன்னால் வாயைத் திறக்க மாட்டான்.

அந்தப் பெண்டாட்டி ஒருநாள் மத்தியானம் சலவை அறைக்கு வந்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் இடது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கும் ஒரு சீட்டு பாருங்க. நான் இருக்கணுமா போகணுமான்னு தெரியணும்."

எடுத்தாள். வெள்ளை அங்கி போட்டு, தலையில் பூ வைத்த ஒரு பெண், குனிந்து ஒரு சிங்கத்தின் வாயை இரண்டு கையாலும் பிடித்திருக்கிற சீட்டு. சிங்கத்தின் நாக்கு பாதி வெளியே தொங்குகிறது.

சீட்டக்கா அன்றைக்கு மட்டும் கேள்வியைக் கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்தாள் என்பதுதான் உண்மை.

"பாத்தியாம்மா, எவ்வளவு நல்ல சீட்டு" என்று அவளே ஆரம்பித்துவிட்டாள். "இந்தம்மா கையில கத்தி இருக்கா, கம்பு இருக்கா? ஒண்ணும் இல்ல. அன்பாலயே சிங்கத்த அடக்குறா. இதுக்குப் பொறுமைன்னு அர்த்தம். அவன் உள்ளுக்குள்ள கொழந்தைம்மா. அடிபட்டு வளந்த கொழந்தை. கோவம் வர்ற நேரத்துல நீயும் கத்தாம, கன்னத்தத் தொட்டு நாலு வார்த்த இதமா சொல்லிப் பாரு."

"சரி அண்ணி" என்று அவள் எழுந்து போனாள்.

பதினெட்டாம் நாள் அவன் சோற்றுத் தட்டை எட்டி உதைத்தான். அவள் ஓடவில்லை, அழவில்லை. அண்ணி சொன்னபடியே கிட்டே போய், படத்தில் இருக்கிறதுபோல, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். அவன் அவளுடைய மணிக்கட்டைக் கடித்தான். பிறகு கழுத்தைப் பிடித்து, நிலைக்கட்டையில் முகத்தை மோதினான். ஒரு முறை இல்லை. எதிர்வீட்டுக்காரி எண்ணினாளாம், நான்கு. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் ஒடிந்து, பல் மூன்று தரையில் கிடந்தன.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த சீட்டக்காவிடம் டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"மாடிப்படியில உருண்டுட்டா டாக்டர்."

பக்கத்தில் ரத்தம் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் அடிபட்டவளின் கழுத்தைப் பார்த்தாள், சீட்டக்காவைப் பார்த்தாள். "உங்க வீட்டுப் படிக்கட்டுக்கு அஞ்சு வெரலா?"

சீட்டக்கா விரிப்பை இழுத்து அவள் கழுத்தை மூடினாள். டாக்டர் படி என்றே எழுதினார்.

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் பேச முடியாது, உறிஞ்சுகுழாயில் குடிப்பதுதான் சாப்பாடு. நர்ஸ் கையளவு கட்டிங் பிளேயர் ஒன்றைச் சீட்டக்காவிடம் கொடுத்தாள். "இவங்களுக்கு வாந்தி வந்தா வெளிய வராது, மூச்சடைச்சுப் போயிருவாங்க. யோசிக்காம கம்பிய வெட்டிருங்க. இத எடுக்க ஓடுற தூரத்துல வைக்காதீங்க."

தம்பி, "வீட்டுக்கு அனுப்புக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றான். சீட்டக்கா, கம்பி பிரிக்கிறவரைக்கும் தன்னோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். தன் ஒற்றை அறை வீட்டில் படுக்க வைத்தாள். பகலில் தனியே விடப் பயந்து சலவை அறைக்கே கூட்டிவந்து, மடித்த விரிப்புகளின் மேல் உட்கார வைப்பாள்.

மூன்றாம் வாரம், ஒரு சாப்பாட்டு வேளை. கயிறு சாப்பிட வெளியே போயிருந்தாள். சீட்டக்கா கட்டுக்குள்ளிருந்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்தாள். அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டாள்.

"இதுல நீ யாரும்மா?"

தாடை கட்டிய பெண் யோசிக்கவே இல்லை. விரலைச் சிங்கத்தின் மேல் வைத்தாள்.

"சிங்கமா?" சீட்டக்காவுக்குக் குழப்பம். "அப்ப உன் வாய அமுக்குற இந்தப் பொம்பள யாரு? அவனா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை. விரலைச் சீட்டிலிருந்து எடுத்து, மேசைக்கு மேலே கொண்டுவந்து, நேரே சீட்டக்காவின் நெஞ்சில் வைத்தாள். வைத்து அழுத்தினாள்.

சீட்டைத் தன் பக்கம் திருப்பினாள் சீட்டக்கா. படத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தப் பூ வைத்த பெண்ணின் முகத்தையே பார்த்து, எவ்வளவு சாந்தம் என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் சிங்கத்தின் கண்ணைப் பார்த்தாள். பொறுமையாம் பொறுமை. அந்தச் சீட்டில் இருந்தது பயம். கத்தினால் அடி கூடும் என்கிற பயம். கட்டிலுக்கு அடியில் பழகிய அதே கையை இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாயில் வைத்து, அதற்கு அன்பு என்று பெயரும் வைத்திருக்கிறாள்.

"என் கைய எடுத்துட்டேன்மா" என்றாள். "இனிமே வைக்க மாட்டேன்."

அதைச் சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை, தம்பி சலவை அறைக்கே வந்துவிட்டான். வேலை உடுப்போடு, இடுப்பு வாரில் சுத்தியலோடு.

"கெளம்பு" என்றான் பெண்டாட்டியைப் பார்த்து. "ஊரே சிரிக்குது. பொண்டாட்டிய அக்கா வீட்டுல விட்டுட்டுச் சோத்துக்கு அலையிறான்னு."

"அவ வரமாட்டா" என்றாள் சீட்டக்கா.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீ நகரு."

"தெரிஞ்சுதான்டா சொல்றேன். இன்னைக்கு இல்ல, என்னைக்குமே வரமாட்டா. நீ போ."

அவன் அக்காவை அதுவரை அடித்ததில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவன்போல ஒரு கணம் நின்றான். பிறகு சுத்தியலின் கைப்பிடியால் அவள் முழங்கைக்கு மேலே ஒரு போடு போட்டான். எலும்பு முறிந்த சத்தம் இயந்திரத்தின் உறுமலுக்கு மேலே கேட்டது. அவளைத் தாண்டிப் போய், பெண்டாட்டியின் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் இழுத்தான். அவள் மேசைக் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் வயிற்றில் உதைத்தான். இரண்டாம் உதையில் அவள் பிடி விட்டது. மூன்றாவதில் அவள் உடம்பு வில்லாக வளைந்தது.

சீட்டக்கா ஒற்றைக் கையோடு கொப்பரைப் பக்கம் போனாள். வாளியில் வெந்நீர் மொண்டு, அவன் முதுகில் ஊற்றினாள். தான் வளர்த்த பிள்ளை என்று ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவன் அலறிய அலறலுக்குக் கயிறும் குதிரையும் ஓடி வந்தார்கள். ஈர விரிப்பைப் பிழிவதற்கு ஆளுக்கு ஒரு முனை பிடித்து முறுக்குகிற கை கயிறுடையது. இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு ஒன்றை உருவி அவன் தலைமேல் போட்டாள், குதிரை மறுமுனையைப் பிடித்தான், இரண்டு பேரும் முறுக்கினார்கள். கையும் சுத்தியலும் உடம்போடு ஒட்டிப்போய், அவன் குப்புற விழுந்தான். குதிரை அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தரையில் கிடந்தவளின் முகம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. கண் பிதுங்கியது. வாந்தி உள்ளேயே நின்று, மூக்கு வழியாக நுரைத்தது.

பிளேயர் சீட்டக்காவின் சேலை மடியில்தான் இருந்தது. ஒடிந்த கை தொங்க, முழங்காலால் அவள் தோளை அமுக்கி, உதட்டை விலக்கிக் கம்பியை நறுக்கினாள். ஒன்று. இரண்டு. ஈறு கிழிந்தது. கை வழுக்கியது. "பொறும்மா" என்று வாய்வரை வந்த வார்த்தையைக் கடித்து விழுங்கிக்கொண்டு, "தொற, தொற, வாயத் தொற" என்று கத்தினாள். ஐந்தாவது கம்பி அறுந்ததும் தாடை தொங்கியது. ரத்தமும் வாந்தியும் ஒன்றாகக் கொட்டின. அவளைப் பக்கவாட்டில் புரட்டி, விரலை விட்டு வழித்தெடுத்தாள். அதற்குப் பிறகு வந்த முதல் மூச்சு, கிழிகிற துணிபோலச் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போனது.

மேனேஜர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு, "குடும்ப விஷயம், கெஸ்ட் இருக்காங்க, மெதுவா" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை, "நீங்க வந்து இவன் மேல உட்காருங்க சார், நான் போய் வேனெடுக்கணும்" என்றான். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்து, உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். ஒரு பெண் போலீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். முதுகில் மருந்து தடவிய தம்பியை இரண்டு கான்ஸ்டபிள்கள் எதிர் பெஞ்சில் வைத்திருந்தார்கள். அவன் அழுதான். பொய்யான அழுகை என்று சொல்ல முடியாது.

"அக்கா, சொல்லுக்கா. கைகலப்புல தவறிப் பட்டதுன்னு சொல்லுக்கா. அம்மா செத்தப்ப என்னைக் கீழ எறக்காம வச்சிருந்தியே. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

 சீட்டக்கா அவன் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்கூட. பிறகு கட்டிலைப் பார்த்தாள். தாடைக்குத் துணி கட்டி, கண்ணைத் திறந்துவைத்து, தாடை கட்டியவள் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கம்மா" என்றாள் சீட்டக்கா. "இவன் என் தம்பி. நான் வளத்த பிள்ள. இவன்தான் அடிச்சான். இன்னைக்கும் இவன்தான், போன தடவையும் இவன்தான்."

பெண் போலீஸ் ஆஸ்பத்திரியின் பழைய தாளைப் புரட்டினாள். "போன தடவை மாடிப்படின்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

"நான்தான் சொன்னேன். பொய். அதையும் எழுதுங்க."

"அத எழுதினா உங்களையும் கேள்வி கேப்பாங்கம்மா. விட்டுருங்க, இன்னைக்கு நடந்தது போதும்."

"கேக்கட்டும். பொறுத்துப் போன்னு அவளத் திருப்பி அனுப்புனதும் நான்தான். கன்னத்தத் தொடச் சொன்னேன், தொட்டா, தாடை ஒடிஞ்சுது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா நீங்க எழுதினத வாசிச்சுக் காட்டும்போது இது இல்லைன்னா நான் கைநாட்டு வைக்க மாட்டேன்."

பெஞ்சிலிருந்து அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவைப் பார்த்துச் சொன்னான். கான்ஸ்டபிள் அவன் தோளை அமுக்கினார்.

பெண் போலீஸ் எழுதினாள். எழுதிவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினாள். "எத்தன வருஷமா?"

கட்டிலில் இருந்தவள் ஏழு விரல் காட்டினாள். பிறகு தன் விலாவைத் தொட்டு இரண்டு விரல். முதுகைத் தொட்டு, விரல்களை விரித்து மூடி, மறுபடி விரித்தாள். வயிற்றைத் தொட்டு மூன்று விரல், அப்புறம் ஒரு விரல். இது அடியின் கணக்கில்லை என்று பெண் போலீஸுக்குப் புரிய, சீட்டக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. "மூணு மாசம்மா. ஒரு பிள்ள."  தாள் தீர்ந்துபோய் நர்ஸிடம் இன்னொன்று வாங்கினார்கள். தாடை கட்டியவள் அடுத்ததைக் காட்ட, அதுவரைக்கும் கையைக் கீழே போடாமல் காத்திருந்தாள்.