சாராளக்காவின் பாட்டைப் புத்தகமாக்கினேன்

போன வியாழக்கிழமை என் தம்பி ஜெயசீலனைப் புத்தூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். முப்பத்தாறு வயசு. ஈரல் கெட்டுவிட்டது, வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாசம்கூட ஆகவில்லை.

இந்தப் பத்தியில் வழக்கமாக உங்களைச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் மன்னித்துவிடுங்கள்... சிரிப்பு வரவில்லை. தம்பி போனது மட்டும் காரணமில்லை. போகும்போது அவன் ஒன்று கேட்டான். அது கிடைக்காமல் செய்தவன் நான்.

சாராளக்காவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். மார்க்கெட்டில் மாம்பழம் விற்கிறவர். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் சபையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அக்காவுக்குத்தான் ஆள் போகும். கூடையை இறக்கி வைத்துவிட்டு வருவார். படுத்திருப்பவரின் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அப்புறம் ஒரு பாட்டு வரும். அந்த ஆளுக்கென்று, அந்த வீட்டுக்கென்று. ஒரு வீட்டில் பாடியதை இன்னொரு வீட்டில் பாடமாட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? அவரு குடுக்கறாரு, நான் பாடறேன்" என்பார்.

ஆந்திராவா மெட்ராஸா என்ற எல்லைத் தகராறில் ஊரே கலங்கிக் கிடந்த சமயம். பிள்ளைகள் அந்தப் பக்கம், தான் இந்தப் பக்கம் ஆகிவிடுவோமோ என்று சாப்பாட்டை விட்டுவிட்ட ஒரு பெரியவருக்கு அக்கா பாடினார் —

"ஆந்த்ராவும் வோணாம், மெட்ராஸும் வோணாம்,
ஒன் ஊர்ல எனக்கொரு எடம் குடு ஏசப்பா..."

பெரியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம், எங்கள் புத்தூர் ஆந்திரா பக்கம். தமிழ்க் குடும்பங்கள் சில மூட்டை கட்டத் தொடங்கின. சபை கலைவதற்குள் இந்தப் பாட்டையெல்லாம் காப்பாற்ற வேண்டாமா? — கமிட்டியில் எழுந்து கேட்டவன் நான்தான். வீடு வீடாக நோட்டோடு போய், அவரவர் ஞாபகத்தில் இருந்ததை எழுதி வந்தேன். நாற்பது பாட்டு. நம்பர் போட்டு அச்சடித்தோம். 'தொகுத்தவர்' என்று என் பெயரையும் போட்டுக்கொண்டேன். விடுவேனா?

வந்தது வினை. அதற்கப்புறம் அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும், "ஏழாம் நம்பர் பாடுக்கா" என்றார்கள். புதிதாக ஏதாவது தொடங்கினால் சுற்றியிருப்பவர்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள். "எந்தப் பக்கம்க்கா? கெடைக்கலியே!" அக்கா பாதியில் நிறுத்திவிடுவார். ஒருநாள் நானே புரட்டியிருக்கிறேன்.

ஆண்டவர் புதுசாக ஒன்றைக் கொடுத்தால் நமக்குப் பயம். அச்சில் வந்துவிட்டால்தான் நம்பிக்கை. எங்கள் சபை மட்டும்தான் இப்படியா என்ன?

தம்பி கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துப் படுத்திருந்தான். "அண்ணா, சாராளக்காவ கூப்புடு. புக்குல இருக்கறது வோணாம். எனக்குன்னு ஒண்ணு பாடட்டும். கேட்டுக்கினே பூடறேன்" என்றான்.

அக்கா வந்தார். தலையில் கை வைத்தார். கண்ணை மூடினார். அறையில் பத்துப் பேர் இருந்தோம். ஐந்து நிமிஷம் இருக்கும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

"வர்ல சார்" என்றார் என்னைப் பார்த்து. "கண்ண மூடினா நம்பர்தான் வருது. அவரு குடுக்கறது எங்க போச்சுன்னே தெரியல."

என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

தம்பி மெல்லக் கையைத் தூக்கி அக்காவின் கையைப் பிடித்தான். அந்தப் பாட்டுக்காக எத்தனை நாளாய் ஏங்கிக் கிடந்தானோ...

"பரவால்லக்கா, அழுவாத. பதினொண்ணு பாடு. அது எனக்கு ரொம்பப் புடிக்கும்."

அக்கா பாடினார். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் போய்விட்டான்.

அக்காவைத் தேற்ற அவன் சொன்னது வெறும் நம்பர்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த அறையில் பரிசுத்த ஆவியானவர் ஏவிப் பேசியவன் என் தம்பி ஒருவன்தான்.