திவசம் இல்லாத பிள்ளை

டொக்டர் வேலையால இளைப்பாறி ஊருக்கு வந்து, துறைமுகம் தெரியிற யன்னலுக்குக் கிட்ட ஒரு மேசையைப் போட்டு நான் எழுதத் தொடங்கினனான். அதுக்கு முதல் என்ர எழுத்தை மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் வாசிச்சவை. மன்னார், பதுளை, லண்டன், பிறகு ஆபிரிக்கா எண்டு சுத்தின மனுசனுக்குக் கதைக்கோ பஞ்சம்?

காலமை எழுதிறதைப் பின்னேரம் மனுசிக்கு வாசிப்பன். அவ சாய்மனைக் கதிரையில கண்ணை மூடிக்கொண்டு கேப்பா. இருதயம் பழுதாகி, கால் வீங்கி, நடக்க ஏலாமல் கிடந்தவ. கனகாலம் இல்லையெண்டு எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

ஆபிரிக்காக் கதையில ஆத்து முதலை வந்தது, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில வயிறு வெட்டினது வந்தது. வாசிச்சு முடிக்க, அவ கண்ணைத் திறந்தா.

“எங்கட பிள்ளை எங்க?”

எங்களுக்கு அங்க ஒரு பெட்டை பிறந்தவள். மூண்டு வயசில மலேரியா மூளைக்கு ஏறிச் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு மரத்தடியில தாட்டுப்போட்டு வந்தனாங்கள். ஊருக்கு வந்து திவசம் செய்யக் கேட்டால், சின்னப் பிள்ளையளுக்கு அதெல்லாம் இல்லையெண்டு ஐயர் சொல்லிப்போட்டார்.

“செத்தவீட்டுக் கதையை ஆர் வாசிக்கப்போறாங்கள்?” எண்டு கத்தினன். எனக்குக் கோபம் எப்பவும் மூக்கு நுனியில.

“கத்துங்கோ. திவசமும் இல்லை, இதிலயும் இல்லையெண்டால், நாங்கள் ரெண்டு பேரும் போனாப் பிறகு அப்பிடி ஒருத்தி பிறந்தவளெண்டு ஆருக்குத் தெரியும்?”

சும்மா கிடந்த சங்கை நானே ஊதிப்போட்டன். அடுத்தநாள் எழுதிக்கொண்டு வந்து வாசிச்சன். ‘பெண் குழந்தை, வயது மூன்று. கடுங்காய்ச்சல், வலிப்பு. குயினைன் ஊசி ஏற்றப்பட்டது. பலனில்லை.’

“இது ஆரோ ஒரு நோயாளி,” எண்டா. “என்ர பிள்ளை எங்க?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேனையைத் தூக்கி எறிஞ்சன்.

“என்னத்தை எழுதச் சொல்லுறீர்? அந்த ஊரில என்னை விட்டால் வேற டொக்டர் இல்லை. நான்தான் ஊசி போட்டனான். நான் கட்டிலடிக்குப் போனாலே உம்மட தோளுக்குள்ள முகத்தைப் புதைச்சு, ‘அப்பா வேண்டாம், அப்பா வேண்டாம்’ எண்டு குழறினவள். கடைசியா அவள் கதைச்சது அதுதான். என்ர பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்துதான் செத்தவள். இதை எழுதவோ?”

நான் அழுதன். இத்தனை வருசத்தில அவவுக்கு முன்னால அழுதது அண்டைக்குத்தான். வெளியில கோட்டைப் பக்கத்தில திரியிற மானுகளில ஒண்டு எங்கட செவ்வரத்தம் பூவைக் கடிச்சுக்கொண்டு நிண்டது. கலைக்க ஒருத்தரும் எழும்பேல்லை.

“ஓம், எழுதுங்கோ,” எண்டா அவ, மூச்சு வாங்கி வாங்கி. “ஊசிக்கு அவளின்ர கையை இறுக்கிப் பிடிச்சது நான்தானே. அதையும் சேர்த்து எழுதுங்கோ.”