நாலு பாட்டில் சாட்சி

போன செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அரியலூரில் ஒரு டீசல் பட்டறை. என் காரின் பானெட் வாயைப் பிளந்து நிற்கிறது. அதன் குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் நான்கு சலைன் பாட்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன.

ஆமாம், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குத் தலைமாட்டில் தொங்குமே, அதேதான். மருந்து தீர்ந்த காலி பாட்டில்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டியூப் இறங்கி என்ஜினுக்குள் போகிறது. ஆஸ்பத்திரியில் பாட்டிலிலிருந்து உடம்புக்கு இறங்கும். இங்கே உடம்பிலிருந்து பாட்டிலுக்கு வரும்.

சுற்றி நின்றது நான்கு பேர். மெக்கானிக், நான், என் மனைவி லதா, வேலுச்சாமி என்ற டிப்பர் முதலாளி. சோதனை என்னவோ காருக்குத்தான். ஆனால் அதில் பிழைத்தாக வேண்டியிருந்தது, அந்த மெக்கானிக்கின் பெயர்.

அந்தப் பெயரைப் படுக்கையில் கிடத்தியது யார்? உங்கள் அன்புக்குரிய பத்தி எழுத்தாளன்தான். வேறு யார்...

இரண்டு வாரம் முன்பு இதே இடத்தில் நான் எழுதியதைப் படித்திருப்பீர்கள். 'அரியலூரில் ஒரு கைராசிக்காரர் இருக்கிறார். அவர் கை பட்டால் பழசும் புதுசாகிவிடும் — பில்லில் மட்டும்.' எழுதி முடித்ததும் நானே இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். அவ்வளவு திருப்தி. நீங்களும் ரசித்தீர்கள். 'எங்க ஊர்லயும் ஒருத்தர் இருக்காரு சார்' என்று செய்திகள் வந்து குவிந்தன. யாரோ அந்தப் பத்தியை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள்.

நடந்தது இதுதான். என்னுடையது பதினாலு வயது டீசல் கார். மூன்று மாதம் முன்பு அதன் இன்ஜெக்டர் ஒன்று ஒழுக ஆரம்பித்தது. இன்ஜெக்டர் என்பது ஒரு சாண் நீளக் குழாய். அதன் நுனியில் கண்ணுக்குப் பிடிபடாத துளைகள். டீசலை அது ஊற்றாது, தூவும் — பனி இறங்குகிற மாதிரி. அந்தப் பனி சரியாக இறங்கினால் என்ஜின் பாடும். தப்பினால் இருமும். நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர். ஒழுகியது மூன்றாம் நம்பர்.

சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்கள் வரிசை கட்டி நிற்கிற இந்தப் பட்டறைக்கு வந்தேன். மெக்கானிக் பார்த்தார். மூன்றாவதை மட்டும் மாற்றினால் போதும், மற்ற மூன்றும் இன்னும் ஓடும் என்றார். புதுசு போட்டார். புதுசு வந்த அட்டைப்பெட்டியில் பழசை வைத்து என் கையில் கொடுத்தார். நான் அதை டிக்கியில், குடைக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் வண்டி தேனாக ஓடியது. பிறகு திரும்பவும் இருமல். காலையில் ஏழெட்டு முறை சாவி திருகினால்தான் உயிர் வரும். வந்தாலும் ஒரே புகை. தெருவில் கோலம் போடுகிற அம்மாக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிற பார்வை...

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு எல்லாம் உடனே புரிந்துவிடும். ஆள் பழைய இன்ஜெக்டரைத் துடைத்து, புதுசு என்று மாட்டிவிட்டார். போன் போட்டுக் கேட்டேனா? இல்லை. வண்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேனா? அதுவும் இல்லை. பேனாவை எடுத்தேன்.

பெயர் போடவில்லை. அது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அரியலூரில் இந்த வகை இன்ஜெக்டரைத் தொட்டு வேலை பார்க்கிற பட்டறைகள் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கை விரல்கூட முழுசாக வேண்டாம். 'டிப்பர்கள் வரிசை கட்டி நிற்கிற இடம்' என்று வேறு வர்ணித்திருந்தேன். விலாசம் மட்டும்தான் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நானும் பதில்களோடு தயாராக இருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. பேப்பரைப் படித்ததாகச் சொன்னார். வண்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். புகை வெள்ளையா, கறுப்பா என்று கேட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். வேலுச்சாமி என்பவருக்கு ஆறு டிப்பர். பதினோரு வருடமாக ஆறும் இந்தப் பட்டறைக்குத்தான் வேலைக்கு வரும். என் பத்தி வந்த மறுநாள், வேலைக்கு விட்டிருந்த இரண்டு வண்டியையும் வேலுச்சாமி அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"வண்டிய எடுத்துட்டு வாங்க சார். அவரையும் வரச் சொல்லிருக்கேன். ரெண்டு பேரு முன்னாடியும் பாத்துடலாம்" என்றார்.

நான் கொஞ்சம் பெரிய மனசு காட்ட நினைத்தேன். போனது போகட்டும், எனக்கு உங்கள் மேல் கோபமில்லை என்றேன்.

"நீங்க நம்பலைன்னா பரவால்ல சார். அவரு நம்பணும்."

அந்த ஒரு வரியில் என் பெரிய மனசு பஞ்சராகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். லதாவும் கூட வந்தாள் — நான் கூப்பிடவில்லை, அவளாகவே ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெரம்பலூர் தாண்டி, பேரளி தாண்டி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே கார் இருமிக்கொண்டே போனது. அரியலூர் நெருங்க நெருங்க காற்றில் வெள்ளைத் துகள். இலை வெள்ளை, போஸ்டர் வெள்ளை, ரோட்டோரத்து ஆட்டின் முதுகும் வெள்ளை. வழி நெடுக நான் நம்பிக்கையோடுதான் இருந்தேன். தப்பு செய்தவனுக்கு வருகிற நம்பிக்கைக்கு அளவே கிடையாது.

வேலுச்சாமி முன்பே வந்து நின்றார். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். முந்திரிக்காடு இன்னும் இருக்கிறது, சோறு போடுவது டிப்பர். வெள்ளை வேட்டி, கையில் மடித்த பேப்பர். என்ன பேப்பர் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

பாட்டில் சோதனை என்னவென்றால் — ஒவ்வொரு இன்ஜெக்டரும் தேவைக்கு மேல் வருகிற டீசலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்புகிற வழியில் டியூபைச் சொருகி பாட்டிலில் பிடித்தால் எது எவ்வளவு அனுப்புகிறது என்று தெரிந்துவிடும். நல்ல இன்ஜெக்டர் கொஞ்சமாக அனுப்பும். உள்ளே ஒழுகுகிற இன்ஜெக்டர் கொட்டித் தள்ளும். மெஷின் வேண்டாம், ஜாதகம் வேண்டாம். பாட்டிலில் போட்டிருக்கிற கோடுகளை எண்ணத் தெரிந்தால் போதும்.

கார் ஸ்டார்ட் ஆனது. டியூபுகளில் டீசல் ஓடி வந்தது. தேன் நிறம். வெயில் பட்டு நான்கு பாட்டிலும் மின்னின. நான் மூன்றாவதையே முறைத்துக்கொண்டிருந்தேன். கொட்டு, கொட்டு என்று மனசுக்குள் ஒரு குரல்... சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அது கொட்டவில்லை. ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் மூன்றாவது பாட்டிலின் அடி லேசாக நனைந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டும் நான்கும் சுமார். ஒன்றாம் நம்பர் பாட்டில் பாதியைத் தாண்டிவிட்டது.

மெக்கானிக் என்ஜினை அணைத்தார். வேலுச்சாமியைப் பார்த்தார்.

வேலுச்சாமி லேசில் விடுகிற ஆள் இல்லை. "நல்லா இருக்குன்னா புதுசுன்னு ஆயிடுமா? நல்லதா ஒரு பழசப் பாத்துப் போட்ருந்தா?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கே தோன்றாத கேள்வி. மெக்கானிக் என்னிடம் திரும்பி, அன்றைக்குக் கொடுத்த பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். டிக்கியைத் திறந்தேன். குடைக்குப் பக்கத்தில், போட்டது போட்டபடி கிடந்தது. மூன்று மாதத்தில் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டி மேல் ஒரு நீள நம்பர் — ஒரு இன்ஜெக்டருக்கு வருவது இன்னொன்றுக்கு வராது. அதே நம்பர் என்ஜினில் மாட்டியிருந்த இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருந்தது. வேலுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். நான் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியானால் ஒன்றாம் நம்பர் ஏன் போனது? போன தடவை அது நன்றாக இருந்ததே?

மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்தார். கொஞ்ச நேரம் விட்டார். ஜாடிக்குள் மெதுவாக ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே தேன் நிறத்தில் டீசல். கீழே, சாதுவாக, நிறமே இல்லாமல்...

"தண்ணி" என்றார் வேலுச்சாமி.

எங்கே டீசல் போட்டீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். எப்போதும் போடுகிற பங்க்தான், வேறு எங்கேயும் போடுவதில்லை என்று நான் அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன். அப்போதுதான் லதா வாயைத் திறந்தாள்.

"ஏங்க, பூலாம்பாடியில எங்கண்ணன் கேன்ல ஊத்துனாரே... அது?"

மறந்தே போயிருந்தேன். இன்ஜெக்டர் மாற்றிய பிறகு, திருவிழாவுக்குப் போன இடத்தில் டீசல் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. மச்சான் டிராக்டருக்கு வைத்திருந்த டீசல் கேனைத் தூக்கி வந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊற்றினார். என்ன பாசம் என்று நெகிழ்ந்துபோய் வந்தேன்.

லதா அதோடு நிறுத்தவில்லை. மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னாள்: "பருத்திக்கு மருந்தடிக்க தண்ணி மொண்டுட்டுப் போறதும் அதே கேன்தாங்க. மூடியும் கெடையாது."

வேலுச்சாமி சிரித்துவிட்டார். எங்க வூட்டுலயும் ஒரே கேன்தான் என்றார். மெக்கானிக் சிரிக்கவில்லை. இந்த மாதிரி என்ஜினுக்குத் தண்ணீர் விஷம், உள்ளே துருப் பிடிக்க வைத்துவிடும், ஏற்கெனவே தேய்ந்ததைத்தான் முதலில் தின்னும் என்று விளக்கினார். புதுசு தப்பித்தது. பழசில் ஒன்று மாட்டிக்கொண்டது. டேங்க்கை முழுக்கக் காலி செய்து கழுவி, ஃபில்டர் மாற்றி, ஒன்றாம் நம்பருக்குப் புதுசு போட வேண்டும். சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றார், என்னவோ நான் இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்த கஸ்டமர் மாதிரி.

லதா என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டாள்: "இன்ஜெக்டர் மாத்துனவர எழுதுனீங்க. தண்ணி ஊத்துனவர எழுதுவீங்களா?"

எழுதிவிட்டேன். மச்சான், பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்வோம்.

ஒன்று கவனித்தீர்களா? ஒரு பத்தி எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பாட்டில் சோதனைக்கு ஐந்து நிமிடம். கையில் பேனா இருக்கிறவன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க மாட்டான். ஏன்? பாட்டிலில் என்ன வரும் என்று தெரியாது. பத்தியில் என்ன வரும் என்று நன்றாகத் தெரியும்.

சரி, வேலுச்சாமி என்ன சொன்னார்? கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். மெக்கானிக்கின் தோளில் ஒரு முறை தட்டினார். ஒரு வண்டியை நாளைக்கே அனுப்புவதாகச் சொன்னார். மற்ற ஐந்து? மடித்த பேப்பரால் என்னைக் காட்டினார்.

"நான் பாத்துட்டேன். எங்கிட்ட கல்லு ஏத்தறவன்லாம் இதப் படிச்சவன், வண்டிய இங்க விட்டா என்னத்தான் கேப்பான். சார் எழுதட்டும், அப்பறம் பாப்போம்."

அவர் பைக் கிளம்பிப் போனதும் நான் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரல் இடுக்கில் இருந்த கறுப்பு போகவே இல்லை. இந்த வாரமே எழுதிவிடுகிறேன், போன தடவை மாதிரியே நாகரிகமாக, பெயர் போடாமல், உங்களுக்குச் சங்கடம் வராத மாதிரி என்றேன்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"திட்டுனா பேரு இல்லாமலே ஊருக்குத் தெரிஞ்சுருது சார். நல்லது சொன்னா யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டாங்க. இந்தத் தடவ போட்ருங்க."

சாயங்காலம் கார் இருமாமல் வீடு திரும்பியது. ஒன்றாம் நம்பர் வந்த பெட்டியை அங்கேயே பிரித்து, நம்பரைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் வேண்டாம் என்றார். லதா வேண்டும் என்றாள்.

அவர் பெயர் கலியமூர்த்தி. என் வண்டியில் அவர் போட்டது புத்தம்புது இன்ஜெக்டர். நான் எழுதியது பொய்.

வேலுச்சாமி அண்ணே... பேப்பர் பார்த்தாச்சா?