குலசையில் இருந்த கிளை

ஒருவருக்கு அன்பாகக் கொடுத்த செடியிலிருந்து ஒரு கிளையைத் திரும்பக் கேட்கலாமா? தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில், ஒரு கையில் நான்கு வயது மகள் இனியாவையும் மறு கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சனிக்கிழமை காலையில் இதுதான் மனதில் ஓடியது. பதில் இன்றும் எனக்குத் தெரியாது.

எங்கள் மாடியில் பதினொரு குடுவைச் செடிகள் வளர்க்கிறேன். இலை நுனியில் மூடி போட்ட சின்னக் குடம் தொங்கும். உள்ளே விழும் பூச்சியைச் செடி செரித்துக்கொள்ளும். என்னிடம் இருப்பவை எல்லாம் கலப்பினங்கள். பெற்றோர் மலைக்குளிரில் வளர்ந்தவையானாலும் பிள்ளைகள் எங்கள் ஊர் வெயிலைத் தாங்கிக்கொள்கின்றன. மூத்தது சிவப்பு வரிக் குடுவை, எனக்குக் கல்யாணமான வருடம் வாங்கியது. போன மாதம் அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். தொட்டியில் நிரப்பும் தேங்காய் நார்த்தூளில் உப்பு இருக்கும், மழைநீரில் மூன்று தடவையாவது அலச வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். அன்று இனியாவுக்குக் காய்ச்சல். ஒரே தடவை அலசி நட்டுவிட்டேன். இருபது நாளில் செடி அடிவரை கறுத்துவிட்டது.

அதன் கிளை ஒன்றை மூன்று வருடங்களுக்கு முன் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துச் செல்வி அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். செடி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமானவர். அந்த வம்சத்தில் இனி அது ஒன்றுதான் மிச்சம். போனில், "சும்மா பாக்க வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

காலை 8.10. திருச்செந்தூர் பேருந்து. நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். நடத்துநர் என் மடியைப் பார்த்தார்.

"டப்பால என்னம்மா, மீனா?"

"காலி டப்பா அண்ணாச்சி."

"காலி டப்பாவையா இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கீய!"

முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி நிறைந்து ஓடியது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்கள். ஆறுமுகநேரி வந்ததும் வெள்ளைக் குவியல்களைக் காட்டி, "அம்மா, சீனி!" என்றாள் இனியா. "உப்புடா" என்றேன்.

9.35. திருச்செந்தூரில் நகரப் பேருந்து மாறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதின்மூன்று கிலோமீட்டர். பத்தேகாலுக்குக் குலசையில் இறங்கினோம்.

செல்வி அக்காவின் கடையில் தசராவுக்கு வேஷம் கட்டுபவர்களுக்கான கிரீடமும் பாசிமாலையும் கிடைக்கும். மற்ற மாதங்களில் நோட்டு, பேனா.

"வா ளா! பிள்ள என்ன இப்படி மெலிஞ்சிருக்கு? சோறு போடுதியா இல்லையா?"

அந்த ஒரு கேள்வியில், காய்ச்சல் நாட்களில் நான் செய்தது, செய்யாதது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

கடைக்குப் பின்னால் பச்சை நிழல்வலையின் கீழ் செடி நின்றது. நாலடி உயரம், ஒற்றைத் தண்டு, ஒன்பது குடுவைகள். பக்கத்துச் செல்போன் கடையின் ஏ.சி.யிலிருந்து சொட்டும் உப்பில்லாத தண்ணீரைத்தான் வாளி வைத்துப் பிடித்து ஊற்றுகிறாராம். உச்சியில் முதல் பூந்தண்டு எட்டிப் பார்த்தது. பூக்கப் போகிற ஒற்றைத் தண்டை வெட்டித் தா என்று எந்த வாயால் கேட்பது? இரண்டு டீ குடித்தேன். தசரா வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன். இனியா ஒவ்வொரு குடுவையாக எட்டிப் பார்த்து எறும்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்குத் திங்க கொண்டாந்தியா?" என்றபடி அக்கா டப்பாவைத் திறந்துவிட்டார். உள்ளே ஈரத்துணியும் புது பிளேடும். செடி வளர்ப்பவருக்கு அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

"செத்துப்போச்சா?"

தலையசைத்தேன்.

"நார்த்தூளா?"

"ஆமாக்கா."

"எத்தன தடவ அலசுன?"

"ஒரு தடவ."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "நான் அலசவே இல்லளா!"

நான் கொடுத்த கிளை வேர்பிடித்து நன்றாகத்தான் வளர்ந்ததாம். தொட்டி மாற்றிய மூன்றாம் வாரம் கருகிவிட்டது. நல்லவேளையாக, அதற்கு முன்பே கயத்தாற்றில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தார். "அவகிட்டப் போயிக் கைநீட்டி நின்னேன். குடுத்ததத் திரும்பக் கேக்காளேன்னு ஒரு வருசம் குத்திக் காட்டினா. இங்கன நிக்குறது அவ தந்தது. நீ போட்டோ கேட்டப்பல்லாம் பழைய போட்டோவத்தான் போட்டேன். உன்ட்ட எப்படிச் சொல்லுவேன்?"

மூன்று வருடமாக அந்தப் படங்களுக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தவள் நான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா பிளேடை எடுத்தார். "பூ வரப் போகுதுக்கா, வேண்டாம்" என்று கையைப் பிடித்தேன்.

"பூவ வச்சு மாலையா கட்டப் போறேன்? என் கடையில மாலைக்கா பஞ்சம்?"

உச்சியை வெட்டி இரண்டு துண்டாக்கி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரத்துணியில் சுற்றித் தந்தார். மதியம் சாளை மீன் குழம்பும் சோறும். இனியா வீட்டில் ஒருநாளும் சாப்பிடாத அளவு சாப்பிட்டாள். அதைக் கவனித்த அக்கா இன்னொரு கரண்டி சோறு மட்டும் வைத்தார். அதுவே பெரிய உபகாரம்.

3.20. திரும்பும் பேருந்தில் டப்பா மடியிலேயே இருந்தது. ஆறுமுகநேரியில், "உப்பு" என்று இனியாவே சொன்னாள்.

துண்டுகள் நட்டு ஏழு வாரமாகிறது. நார்த்தூளை ஆறு தடவை அலசினேன். ஏழாவதும் வேண்டியிருந்ததோ என்று சந்தேகம் போகவில்லை. ஆனாலும் இரண்டிலும் பச்சையாக ஒரு குருத்து வந்திருக்கிறது. ஒன்று என் மாடிக்கு. இன்னொன்றை உப்புக்காற்று எட்டாத ஊரில் ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். யாரிடம் கொடுக்கலாம்? நார்த்தூளைப் பொறுமையாக அலசுபவரிடமா, நான் ஒருநாள் மறுபடி டப்பாவோடு போய் நின்றால் முகம் சுளிக்காதவரிடமா? இரண்டும் சேர்ந்த ஒருவரைத் தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.