மலைமொழிக்கு ஒற்றை வரி

கொழும்புப் பாராளுமன்றத்தில் தமிழ்ப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து ஹன்சாட் என்ற அதிகார அறிக்கைக்குக் கொடுப்பதுதான் முன்பு என் உத்தியோகம். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. "ஸ்ரெனோவோ?" என்று கேட்பார்கள். "ஓம், ஸ்ரெனோதான்" என்று விட்டுவிடுவேன். தொண்ணூறுகளில் மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் காப்புறுதி வழக்கு ஒலிநாடாக்களைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வீடு பார்க்டேலில். பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனம் என்னைத் தேடிப் பிடித்தது. சண்டை ஓய்ந்த நாடுகளின் பாராளுமன்றங்களை நிமிர்த்திவிடுவது அவர்களின் வேலை. தூரத்துச் சமுத்திரத்தில் ஒரு சின்னத் தீவு. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். கரையோரச் சனமும் மலைப்பக்கத்துச் சனமும் அடிபட்டு ஓய்ந்து, மூடிக் கிடந்த பாராளுமன்றம் திறக்கப்போகிறது. மலைப்பக்கத்து உறுப்பினர்கள் திரும்பி வருகிறார்கள். அங்கே பேச்சுகளைப் பதியப்போகும் நாலு பேரை ரொறன்ரோவுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று கிழமைக்குள் நான் அவர்களுக்கு வேலை பழக்க வேண்டும். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். என்னிடம் கிடந்த வித்தை ஒரு நாட்டுக்கு வேண்டியிருக்கிறதே!

நாலு பேரில் இரண்டு பேர் கரையோரத்து இளைஞர்கள். சொன்னதைச் செய்வார்கள், கன்ரீனில் நன்றாகச் சாப்பிடுவார்கள். மூன்றாவது ஆள் அவர்களின் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர், கரையோரத்தார், கழுத்துப்பட்டி கட்டாமல் வரமாட்டார். நாலாவது ஆள் மலைப்பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். அவர்களின் பாராளுமன்றக் கந்தோரில் மலைமொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று சொன்னார்கள்.

முதல் நாள் என் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். கொழும்பில் ஒரு யாழ்ப்பாணத்து உறுப்பினர், கேள்வி ஒன்றுக்கு "ஓம்" என்று பதில் சொன்னார். நான் "ஓம்" என்றே எழுதினேன். என் மேலதிகாரி அது வீட்டுப் பேச்சு என்று "ஆம்" ஆக்கி அச்சுக்கு விட்டார். அடுத்த நாள் உறுப்பினர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "நான் எப்ப ஐசே 'ஆம்' எண்டு சொன்னனான்? என்ரை வாயிலை வராத சொல்லை என்ரை பேரிலை போட நீர் ஆர்?" மேலதிகாரிக்கு வியர்த்துவிட்டது. எங்கள் தொழிலின் சட்டம் அவ்வளவுதான், வாயில் வந்தது தாளில் வரவேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாம் கிழமை அவர் தன் திட்டத்தைச் சொன்னார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் எனக்கு எந்தச் சண்டையும் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் நிற்கும். "மலைமொழியிலை ஒருத்தர் பேசினால், 'உறுப்பினர் தமது மொழியில் பேசினார்' எண்டு ஒரு வரி போட்டால் காணும்" என்றார்.

எனக்கு விசர் வந்தது. "அப்ப அந்தச் சனம் என்னத்துக்குப் பாராளுமன்றத்துக்கு வருது? வாயைத் திறந்து மூடிக் காட்டவோ?"

"அவ எழுதுவா. அவ எழுதினது சரியோ எண்டு ஆர் பாக்கிறது? ஒரு ஆளை நம்பிப் பதிவு நடத்த ஏலுமோ?"

அந்தப் பெண் குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். இவளின் ஆட்கள் இவ்வளவு சாவுக்குப் பிறகு வந்து பேசப்போகிறார்கள். அதெல்லாம் ஒற்றை வரியாகப் போய்விடும். அந்த ஒற்றை வரியையும் இவள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். நான் விடவில்லை. "எங்களுக்கு இலங்கையிலை எத்தினையோ அநியாயம் செய்தவை. ஆனால் தமிழிலை பேசினதைத் தமிழிலைதான் அச்சடிச்சவை" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் அச்சிலை வந்தது, சரி. பிறகேன் நீங்கள் ரொறன்ரோவிலை இருக்கிறியள்?"

வகுப்பை அத்தோடு முடித்தேன்.

வீட்டில் போய் அவரைத் திட்டித் தீர்த்தேன். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இஞ்சை பாரும், அந்தாள் கேட்டதிலை என்ன பிழை? பொல்லைக் குடுத்து அடி வாங்கினது நீர்தானே."

"நீங்கள் ஆற்றை பக்கம்?"

"நான் சோத்துப் பக்கம். ரசம் இருக்கோ?"

ரசத்தை வேகமாக ஊற்றியதில் அவர் கட்டியிருந்த சாரம் நனைந்தது. அன்றிரவு முழுக்க அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பதில் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

கடைசிக் கிழமை ஒத்திகை அமர்வு வைத்தோம். ஒருவர் சபாநாயகர், ஒருவர் பேசும் உறுப்பினர், ஒருவர் எழுதுபவர். எழுதியதை உடனே எழுந்து வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண்ணை உறுப்பினராக்கி, உன் மொழியில் பேசு என்றேன். எழுதும் கதிரையில் தலைவரை இருத்தினேன். மனுஷன் வெறுந்தாளோடு முழிக்கட்டும், அப்போது தெரியும் என்றுதான். எனக்குக் குரோதம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவள் எழுந்து பேசினாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. தலைவரைப் பார்த்தேன். பேனா ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிறுக்கிப் பாசாங்கு பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

வாசிக்கும் முறை வந்தது. அவர் எழுந்து, அவளுடைய மொழியிலேயே வாசிக்கத் தொடங்கினார். இளைஞர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்கு முதல் அவர் மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியாராக இருந்தவராம்; அது பிறகுதான் தெரியவந்தது. அடப்பாவி மனுஷா, இவ்வளவு நாளும் வாயைத் திறந்தாயா!

கடைசியில் ஓரிடத்தில் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டார். தாள் கையில் இருக்கிறது, கண் ஒரு வரியிலேயே நிற்கிறது. அவள் கிட்டப் போய்த் தாளை எட்டிப் பார்த்தாள். "எழுதியிருக்கிறார்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு அந்த வசனத்தைத் தானே வாசித்தாள்.

"என்ன அது, பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்ரை தம்பியை எங்கை புதைச்சனீங்கள் எண்டு கேட்டிருக்கிறன்."

ஒத்திகைக்குச் சொன்னதல்ல என்று அறையில் எல்லோருக்கும் விளங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அழவில்லை.

தலைவர் தாளை மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார். "இதையெல்லாம் கேக்கப் பயந்துதான் ஒரு வரி காணும் எண்டனான். இனி உங்கடை ஆக்கள் பேசுறது முழுக்க உங்கடை மொழியிலையே வரும். நான் சரிபாக்கிறன்." பிறகு கதிரையில் அமர்ந்து பேனாவைத் திறந்தார். "தம்பியின்ரை பேரைச் சொல்லும். பேர் இல்லாமல் பதிவிலை போட ஏலாது."

அவள் சொன்னாள். எழுத்துப் பிழைக்கக்கூடாது என்று அவர் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுதினார்.