போகிற தண்ணீர்

பாளையம்பட்டிக் கடைக்கு நேற்று மலைக் கிழங்கு வந்திருந்தது. மண் ஒட்டிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து மோந்துகொண்டே நின்றேன். "என்னம்மா, பூவா வாங்க வந்தீக?" என்று கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த ஈரமண் வாசனை எனக்கு இன்றைக்கும் ஒரு மழைநாளைக் கொண்டுவந்து நிறுத்தும். உங்களிடம் சொல்வதற்கென்ன.

அறுபதுகளின் கடைசியில், திருச்சுழிப் பக்கம் மழை ஏமாற்றிய ஒரு வருஷம், நானும் என் வீட்டுக்காரரும் கொடைக்கானல் மலைக்குக் கிழங்குத் தோட்ட வேலைக்குப் போனோம். கல்யாணமாகிப் புதுசு. அங்கே சரிவை வெட்டிப் படிபடியாக நிலம், ஒவ்வொரு படிக்கும் முட்டுக்கொடுத்துக் கல்கட்டு. எங்கள் படிக்கு நேர் கீழே காவல்காரரின் குடிசை. அவர் பெண்சாதி பச்சைப் பிள்ளையோடு அதில் படுத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நாங்கள் கண்டதில்லை. ஓரத்து வடிகாலில் தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. மம்பட்டியால் மண்ணை இழுத்து வடிகால் வாயை அடைத்துவிட்டார். பெய்கிற சொட்டையெல்லாம் வரப்புக்குள் தேக்கியே பழகிய கரிசல்காட்டுக்காரர் வேறென்ன செய்வார்? நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

எங்கள் படியில் தண்ணீர் ஏற ஏற, கல்கட்டு வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு கல் பிதுங்கிக் குடிசைப் பக்கம் உருண்டது. மேலேயிருந்து காவல்காரர் ஓடிவந்தார்.

"வடிகாலத் தொறந்து விடுய்யா! கீழ எம்புள்ள கெடக்கு!"

கத்திக்கொண்டே சுற்றுப்பாதையில் குடிசைக்கு ஓடினார். இவர் மம்பட்டியை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை.

"ஏங்க, வெட்டுங்க!"

"இம்புட்டுத் தண்ணியையுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தள்ளிவிட்டு, மம்பட்டியைப் பிடுங்கி நானே வெட்டினேன். சேறு லேசில் விடவில்லை. இன்னொரு கல் விழுந்தது. குடிசையிலிருந்து சத்தமே இல்லை. நிறுத்தாமல் வெட்டினேன். ஒருவழியாக அடைப்பு உடைந்து, தண்ணீர் பக்கத்து ஓடையில் பாய்ந்தது. கட்டு நின்றுவிட்டது. அப்புறம்தான் கீழே பிள்ளை வீறிட்டது. ஒரு பிள்ளையின் அழுகை அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் இவர் சேற்றில் உட்கார்ந்து அழுகிறார்.

"அதான் புள்ளைக்கு ஒண்ணுமில்லையே. எதுக்கு அழுகுறீக?"

"புள்ளைய நெனச்சும்தான்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணிய நெனச்சும்தான்."

என் வீட்டுக்காரர் காலத்துக்குப் பிறகு ஊரில் இருந்த எங்கள் கரிசல்காட்டை விற்றோம். வாங்கியவர்கள் வரப்பையெல்லாம் தட்டி பிளாட் போட்டுவிட்டார்கள். போன மழையில் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். காட்டுத் தண்ணீர் மொத்தமும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தலையைத் திருப்பவில்லை. நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இருந்திருந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பார்.