அண்ணையின் வான்கோழிப் பெட்டிகள்

அண்ணை கனடாவிலிருந்து வந்து லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தபோது நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன். சின்னக் காரியம்தான். ஒரு சொட்டு எண்ணெய். ஆனால் அதைச் செய்துவிட்டு ஆறுதலாக நின்று வெங்காயம் வெட்டினேன் என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அண்ணி செத்துப் போய் அப்போது ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணை எனக்குத்தான் போன் எடுப்பார். என்ன சமைத்தார், காருக்கு என்ன வருத்தம், எந்தக் கலியாண வீட்டுக்குப் போகாமல் விட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பேசுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு இருப்போம். இடையில் அவர் தன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவரோடு சேர்ந்து காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகத் தொடங்கினார். முதலில் நான் சிரித்தேன். பிறகு அவருடைய குரல் மாறியிருப்பதைக் கவனித்தேன். வான்கோழியைப் பற்றிக் கதைக்கும்போது மனிதர் உயிரோடு கதைத்தார். அதனால் நானும் வான்கோழியைப் பற்றி விசாரிக்கப் பழகிக்கொண்டேன்.

மார்ச் மாதத்தில் வந்தார். சூட்கேசைத் திறந்து எனக்குக் கொண்டுவந்த மாத்திரைப் போத்தல்களையும் சொக்லேட்டையும் எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் காலுறைகளுக்குள் சுற்றி வைத்திருந்த மூன்று மரப்பெட்டிகளை எடுத்து மேசையில் அடுக்கினார். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்று கொஞ்சம் சின்னது. மேல்மூடி ஒரு முனையில் திருகாணியால் பொருத்தியிருக்கும். மறுமுனையில் துடுப்புப் போல ஒரு பிடி. மூடியின் அடிப்பக்கத்தில் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியைப் பூசி, பெட்டியின் மெல்லிய விளிம்பில் பக்கவாட்டாக உரசினால் பெட்டை வான்கோழி கூப்பிடுகிற சத்தம் வரும். அதைக் கேட்டுச் சேவல் தேடிக்கொண்டு வரும். மரத்தடியில் அசையாமல் துவக்கோடு இருக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

"ஏப்ரல் கடைசியில சீசன் தொடங்குது," என்றார். "மூண்டில ஒண்டுதான் கொண்டு போவன். எதெண்டு நீதான் சொல்லவேணும்."

"எனக்கென்ன தெரியும்?"

"உரசுறவனுக்கு அதின்ர சத்தம் சரியாய்க் கேளாது பிள்ளை. காதுக்குப் பக்கத்தில ஒண்டு கேக்கும், நூறு மீற்றர் தள்ளி வேறொண்டு கேக்கும். சேவல் தள்ளி நிண்டுதானே கேக்கப் போகுது. அந்த இடத்தில நீ நில்லு."

என் கணவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுப்பவர். அதனால் வீட்டில் உரச முடியாது. நான் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலையை மதியத்தோடு முடித்து வந்ததும், இரண்டு பேரும் பக்கத்துத் திடலுக்குப் போவோம். அவர் ஒரு மரத்தடியில் குந்துவார். நான் மறுகரைக்கு நடந்து போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பெட்டியைப் பார்க்காமல் கேட்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். அவர் ஒவ்வொன்றாக உரசுவார். எது நல்லதென்று நான் விரல்களைத் தூக்கி, ஒன்றோ இரண்டோ மூன்றோ காட்டுவேன். நாயோடு வருகிறவர்கள் எங்களைப் பார்த்து வேறு பாதையில் போனார்கள். தூறல் விழுந்தால் அவர் உடனே பெட்டியைப் பாண் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொள்வார். ஈரம் பட்டால் மரம் பேசாதாம்.

நான் நீளமான வால்நட் மரப்பெட்டியைத் தெரிந்தெடுத்தேன். அதன் சத்தம் தடிப்பாக, தூரம் போகிறதாக இருந்தது. பார்க்கவும் வடிவு. "சரி, அப்ப அதுதான்," என்றார் அண்ணை. மறுபேச்சு இல்லை. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது. என்னுடைய ஐம்பத்திரண்டு வயதில் முதல்தடவையாக ஒருவர் என் காதை நம்பி ஒரு முடிவெடுத்தார்.

இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள் அந்தச் சனிக்கிழமை வந்தாள். பிரான்சிலிருந்து பத்து வருடத்துக்கு முன் இங்கே வந்தவள். புருஷன் அங்கேயே செத்துப் போனார். சவுத்தாலில் ஒரு கடையில் சட்டை தைக்கிறாள். என்னைவிட நாலு வயது குறைவு. என்னை அக்கா என்பாள். செவ்வாய்க்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு நாங்கள் சேர்ந்துதான் போவோம். எங்கே புறப்படுகிறோம் என்று கேட்டாள். "நீரும் வாருமன்," என்று நானே சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே கூட்டிக்கொண்டு போனேன்.

திடலில் என் பக்கத்தில் நின்று மூன்றையும் கேட்டாள். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக அண்ணையிடம் நடந்து போனாள்.

"அந்த நீளமானது பிழை," என்றாள். "பெட்டை அப்பிடிக் கத்தாது. முதல் மெல்லிசாய்த் தொடங்கி, பிறகு உடைஞ்சு கரகரக்கவேணும். அதில ஒரே சத்தம்தான் வருது. இந்தச் சின்னதிலதான் ரெண்டும் இருக்கு."

சின்னது என்றால் சீடர் மரப்பெட்டி. மூன்றிலும் மலிவாகத் தோன்றியது அதுதான்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அண்ணை கேட்டார்.

"பிரான்சில விசாப் பேப்பர் இல்லாத காலத்தில வான்கோழிப் பண்ணையில ரெண்டு வருஷம் வேலை செய்தனான். விடிஞ்சால் பொழுதுபட்டால் அதுகளின்ர சத்தம்தான்."

பத்து வருடமாகப் பழகுகிறேன். பண்ணையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அண்ணை சீடர் பெட்டியை அவளிடம் நீட்டினார். அவள் அதை இடது உள்ளங்கையில் இறுக்காமல், குருவிக்குஞ்சை வைத்திருப்பது போல வைத்துக்கொண்டு, மூடியைத் தூக்காமல் ஒரு தரம் உரசினாள். பிறகு நாலு தரம், ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி. மேலே மரங்களில் கத்திக்கொண்டிருந்த பச்சைக்கிளிகள் ஒரு நிமிஷம் அடங்கின. அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஆறு வருடமாக அந்த முகம் எப்படி இருக்கும் என்று போனில் யோசித்துக்கொண்டிருந்தவள் நான். அது அவளைப் பார்த்துத்தான் அப்படி விரிந்தது.

அன்றிலிருந்து அவள் கடை முடிந்து ஒவ்வொரு நாளும் வந்தாள். அண்ணை திடலுக்குப் போவதற்கு முன் ஷேவ் எடுக்கத் தொடங்கினார். "அவா வரட்டும், போவம்" என்பார். நான் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, இறால் பொரித்துப் போட்டால் "நல்லாயிருக்கு" என்று ஒரு சொல். அவள் பெட்டியில் கிளக் என்று ஒரு சத்தம் எழுப்பினால் பத்து நிமிஷம் பாராட்டு. நான் அவளுக்கு விளிம்பு உடைந்த கப்பில் தேத்தண்ணி கொடுத்தேன். அவள் அதைக் கவனிக்கவேயில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் அண்ணையும் அவளும் வெளியே போயிருந்த நேரம், குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு வால்நட் பெட்டியை நான் உரசிப் பார்த்தேன். எண்ணெய் காணாத கதவுப் பிணைச்சல் போலக் கீச்சிட்டது. மாடியிலிருந்து கணவர், "என்ன அது?" என்று கத்தினார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவள் அவரை ஒருநாளும் அண்ணை என்று கூப்பிடவில்லை. ஊரில் உள்ள எல்லா ஆம்பிளைகளுக்கும் அண்ணை சொல்கிறவள் அவரை "நீங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதைக் கண்டுபிடித்த அன்றுதான் எனக்கு உள்ளே நெருப்புப் பிடித்தது.

மறுநாள் பின்னேரம் அண்ணை குளிக்கப் போயிருந்தார். சீடர் பெட்டி மேசையில் இருந்தது. நான் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த நல்லெண்ணெய்ப் போத்தலில் விரலைத் தொட்டு, மூடியின் அடியில் வெண்கட்டி பூசிய இடத்தில் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். விளிம்புகளிலும் தடவினேன். எண்ணெய் பட்டால் அது ஊமையாகிவிடும், வெறுங்கையாலும் அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று அண்ணை எனக்குத்தான் முதலில் சொல்லித் தந்தவர். பிறகு கையைக் கழுவிவிட்டு வெங்காயம் வெட்டினேன்.

அவள் வந்ததும் மூன்று பேரும் திடலுக்குப் போனோம். அவள் உரசினாள். மூடி வழுக்கிக்கொண்டு போனது. சத்தமில்லை. திரும்ப உரசினாள். காற்றுப் போல ஒரு முனகல். அண்ணை வாங்கித் திருப்பிப் பார்த்தார், விரலால் தொட்டார், மூக்கருகே கொண்டு போனார்.

"எண்ணெய்," என்றார். "ஆர் தொட்டது?"

நான் மரங்களைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நீண்ட நேரமில்லை. ஒரு மூச்சு விடுகிற அளவு.

"நான்தான்," என்றாள். "தலைக்கு எண்ணெய் வைச்ச கையோட நேற்றுத் தொட்டிட்டன் போல. கவனிக்கேல்லை."

"கவனமாயிருக்க வேணும்," என்றார் அண்ணை. அவ்வளவுதான். பெட்டியைப் பாண் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார். ஆனால் எனக்குள் எரிச்சல் இரட்டிப்பானது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றதிலும் அவள் என்னை முந்திவிட்டாள்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் நான் சவுத்தாலுக்கு பஸ் எடுத்து அவளுடைய கடைக்குப் போனேன். ஒரு சாரிப் பிளவுசுக்கு ஊக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீர்?" என்றேன்.

ஊசியை நிறுத்தவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் எனக்கு முன்னால உங்களை ஏசியிருப்பார். பிறகு நீங்கள் என்னை உங்கட வீட்டு வாசலுக்கும் அண்ட விடமாட்டியள். எனக்கு அங்க வரவேணும் அக்கா. அதுக்காகத்தான். உங்களுக்காக இல்லை."

"அவருக்காகவோ?"

"ஓம்," என்றாள். தலையைத் தூக்கி, வெட்கப்படாமல்.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தேன். கடை பூட்டும்வரை இருந்தேன். அவள் தைத்தாள். நான் அறுந்த நூல்களைப் பொறுக்கிக் கூடைக்குள் போட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் திரும்பி வந்தோம்.

வீட்டில் அண்ணை குசினி மேசையில் பெட்டியை வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துண்டால் மூடியின் அடியை மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். சாண்ட்பேப்பர் எடுத்துத் தரவோ என்று கேட்டேன். விளிம்பைச் சுரண்டினால் குரல் மாறிவிடும் என்றார். நான் அவருக்கு எதிரே இருந்தேன்.

"அண்ணை, எண்ணெய் பூசினது நான்."

"தெரியும்," என்றார், நிமிராமல். "அவா தலைக்கு வைக்கிறது தேங்காயெண்ணெய். இது நல்லெண்ணெய் மணக்குது."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"என்னத்தைப் பேச? அண்ணி செத்த வருஷம் நீ போனில என்னோட கதைச்சிராட்டி நான் இப்ப இருக்கமாட்டன். உன்னைப் பேச எனக்கு வாய் வராது பிள்ளை." பச்சைத் துண்டைக் கீழே வைத்தார். "ஆனால் நான் இன்னும் எத்தினை வருஷம் போனோட மட்டும் கதைச்சுக்கொண்டு இருக்கிறது?"

அதைக் கேட்டு நான் அழவில்லை. எழுந்து போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

புதிதாக வெண்கட்டி பூசியதும் பெட்டிக்குக் குரல் திரும்பியது, முழுவதுமாக இல்லை. அண்ணை கனடாவுக்குத் திரும்பி, வேட்டைக்கு அதைத்தான் கொண்டு போனார். அந்த வசந்தத்தில் ஒரு பறவையும் கிடைக்கவில்லை. என்னுடைய எண்ணெய்தான் காரணமோ என்று போனில் கேட்டேன். மழை என்று சொன்னார். நான் நம்பவில்லை.

அடுத்த வருடம் அண்ணையும் அவளும் இங்கே பதிவுத் திருமணம் செய்தார்கள். அவளுக்குச் சாரி உடுத்திவிட்டது நான்தான். கொசுவம் பிடிக்கும்போது இடுப்பில் ஊசி குத்திவிட்டது. தெரியாமல்தான் குத்தியது என்று சொன்னேன். "சரி அக்கா," என்று சிரித்தாள். நம்பினாளா தெரியாது. எனக்கே நிச்சயமில்லை.

அதற்கடுத்த மே மாதம், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது கனடாவிலிருந்து ஒரு வீடியோ வந்தது. இலை துளிர்க்கிற காடு. அவளுடைய கையும் அந்தச் சீடர் பெட்டியும் மட்டும் தெரிகின்றன. பெட்டை கூப்பிடுகிறது, மெல்லிசாகத் தொடங்கி உடைந்து கரகரக்கிறது. தூரத்தில் ஒரு சேவல் பதில் கொடுக்கிறது. திரும்பவும் கூப்பிடுகிறாள். சேவல் கிட்ட வந்துவிட்டது. அண்ணையின் மூச்சு கேட்கிறது. வெடிச்சத்தத்துக்கு முன்னால் வீடியோ நின்றுவிடுகிறது.

நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு பஸ் போய்விட்டது. மிகச் சரியாகக் கூப்பிட்டிருந்தாள். குறை ஒன்றும் பிடிக்க முடியவில்லை. பிடிக்கத்தான் பார்த்தேன். பிறகு, அந்தச் சேவலைக் கறி வைக்கும்போது தோலை உரித்துவிடச் சொல்லி அவளுக்கு ஒரு மெசேஜ் எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.